கம்பெனித் தண்ணீர்

இசக்கிமுத்துவுக்கு அவன் வாய் செய்த கெடுதலை வேறு எந்த எதிரியும் செய்ததில்லை. இதை அவனே சொல்வான். கொச்சி மட்டாஞ்சேரிச் சாயாக்கடையில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், எழுபத்தெட்டாம் வருஷம் தான் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்துவிடுவான். கேட்கிறவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவன் சிரித்துவிடுவான்.

சங்கரன்கோவில் பக்கம், வானம் பார்த்த பூமி. பெண்ணின் பெயர் முப்பிடாதி. அவள் அப்பா சம்பளம் கேட்டார், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். எல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணே ஒன்று கேட்டாள்.

"அங்கன தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போகணும்?"

"தூரமா? கொச்சியில ஆறு மாசம் மழை. மீதி ஆறு மாசம் அந்த மழைத் தண்ணி. எங்க ஊர்ல பொம்பளைக குடமே தூக்க வேண்டாம்" என்றான் இசக்கிமுத்து.

"நெசந்தானா? குடம் தூக்கணும்னா நான் இங்ஙனயே தூக்கிக்கிடுவேன். அதுக்கு எதுக்குக் கொச்சி?"

சொல்லிக்கொண்டே வெளியே வந்து நின்றாள். பத்து வயசிலிருந்து ஊர்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து இடுப்பில் குடம் காய்ப்பேற்றியிருந்த பெண். அந்தக் கேள்வியைக் கேட்ட தைரியத்துக்காகவே இசக்கிமுத்துவுக்கு அவளைப் பிடித்துப்போனது. "சத்தியமா" என்று அடித்துச் சொன்னான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதைவிட மோசம், தெரியாத விஷயத்துக்குச் சத்தியம் செய்தான். அப்போது அவனுக்கு மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில், இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும் பண்டகசாலையில் நாலு வருஷ வேலை. ஒண்டிக்கட்டை. படுக்கை சாக்குமேல், குளியல் பண்டகசாலைக் கிணற்றில், குடிப்பது மூன்று வேளையும் சாயா. சாயாவில் ஊற்றுகிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று எந்த ஒண்டிக்கட்டை யோசித்துப் பார்த்திருக்கிறான்?

வைகாசியில் கல்யாணம். ஆனியில் அவளைப் படகுத்துறையில் இறக்கும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பண்டகசாலைக்குப் பின்சந்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. முப்பிடாதி பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக, இருந்த பானை சட்டி எல்லாவற்றையும் தாழ்வாரத்து ஓரத்தில் வரிசையாக வைத்தாள். கால் மணி நேரத்தில் எல்லாம் நிரம்பி வழிந்தன. நிரம்பி வழிவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இசக்கிமுத்து என்னவோ தானே மேலே ஏறிப் பெய்ததுமாதிரி பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நின்றான்.

ஆடியில் வெயிலே இல்லை. வெயில் இல்லையென்றால் இஞ்சி காயாது, வேலையும் இல்லை. பண்டகசாலையில் எல்லோரும் மழையைத் திட்டினார்கள். இவனும் அங்கே திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து புகழ்ந்தான். கல்யாணப் பட்டில் பூஞ்சணம் பூத்தது. தீக்குச்சி பற்றவில்லை. துணி நாலு நாளானாலும் காயவில்லை.

"அதுக்கென்ன, உடுத்திக் காயவச்சுக்கிடலாம். தண்ணி இல்லன்னாத்தான எதையும் செய்ய முடியாது" என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு இன்லண்டு லெட்டரும் போட்டாள், தண்ணீர் வாசலுக்கே வருகிறது என்று.

ஐப்பசியில் பகலெல்லாம் வெயிலும் சாயங்காலம் இடியுமாக மழை நேரம் மாறி வந்தது. கார்த்திகையில் இளைத்தது. மார்கழியில் பனி மட்டும் இறங்கியது. தை பிறந்தபோது வீட்டுச் சொந்தக்காரரின் கிணறு மஞ்சளாகி, மாசியில் வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரித்தது. தெருமுனைக் குழாய் காற்றை மட்டும் விட்டது. ஊரைச் சுற்றிக் காயல், கப்பல் மிதக்கிற அளவுக்கு உப்புத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. நாலு வருஷத்துக்கு மேல் இருந்த ஊரை இசக்கிமுத்து அன்றைக்குத்தான் பார்த்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள் என்று பயம். வாய் முந்திக்கொண்டது. "நீ ஒண்ணும் கவலப்படாத. வேனல்ல வேலக்காரங்களுக்குக் கம்பெனியே தண்ணி குடுக்கும்."

"அப்ப சந்துல மத்த பொம்பளைக எதுக்குக் குடத்தோட அலையுதாக?"

"அவுக கம்பெனி ஆளா?"

அன்றிலிருந்து இரண்டு அலுமினியக் குடங்களோடு வேலைக்குப் போனான். மதியச் சோற்று நேரத்தில் நாலு தெரு தள்ளியிருந்த குழாயடி. முப்பது பெண்களுக்கு நடுவே மீசை வைத்த ஆள் இவன் ஒருவன்தான். முதல் நாளே பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி பார்த்துவிட்டாள். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரி.

"இசக்கி, நீ என்னத்துக்காக்கும் இங்க நிக்கறே? பொஞ்சாதிக்குச் சுகமில்லையோ?"

அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முப்பிடாதியிடம் சொல்லவில்லை, ஆனால் வரிசை முழுவதும் அவனை "புது சேச்சி", அதாவது புது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தது.

ஒரு குவிண்டால் மூட்டையை அநாயாசமாகத் தூக்குகிறவனுக்கு ஒரு குடம் அடங்கவில்லை. இடுப்பில் வைத்தால் வழுக்கியது, தலையில் வைத்தால் தளும்பி முதுகில் ஓடியது. வீட்டுக்கு வந்து சேரும்போது முக்கால் குடம் இருந்தால் அது நல்ல நாள். அதையும் முப்பிடாதி தாராளமாகச் செலவழித்தாள். வாசல் தெளித்தாள், வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றினாள். கமலாக்ஷிக்கு ஒரு குடம் "கம்பெனித் தண்ணி" கொடுத்தாள். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்று தண்ணீர் கிடைக்காமல் திரும்பிய கமலாக்ஷி, அதை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள். இசக்கிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பங்குனிக் கடைசி. பண்டகசாலை முற்றம் முழுக்க நாற்பது சாக்கு இஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கிழக்கே கறுத்தது. "மழை வருது, மூடுங்கடா" என்று மேஸ்திரி ராசப்பன் கத்தினார். தார்ப்பாயைத் தோளில் தூக்கிய இசக்கிமுத்துவுக்கு இஞ்சி கண்ணில் படவில்லை, வீட்டில் காலியாகக் கிடந்த பானைகள்தான் தெரிந்தன. தார்ப்பாயோடு வீட்டுக்கு ஓடினான்.

மழையைப் பிடித்துப் பானையில் விடுவதற்காகத் தார்ப்பாயை ஓட்டுக்கும் வேலிக்கும் இழுத்துக் கட்டினான். மூன்றாவது மூலையைக் கட்டும்போது மழை நின்றுவிட்டது. இஞ்சியை நனைக்க அந்த மழை போதும், பானையில் இரண்டு விரற்கடைகூட ஏறவில்லை.

ராசப்பன் நனைந்த தலையோடு வந்து நின்றார். "எடோ, அங்க இஞ்சி மொத்தம் நனைஞ்சு போச்சு. நீ இங்க பந்தலா போடறே?"

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. கம்பெனித் தண்ணிதான் தெனமும் வருதே, இவுகளுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சோ தெரியல" என்று முப்பிடாதி சமாதானம் சொன்னாள்.

"எந்தக் கம்பெனி? உன் மாப்பிள்ளை தினம் உச்சைக்கு, சோத்து நேரத்துல, பொம்பளைக வரிசையில நின்னு பிடிக்கறதாக்கும். மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும், நீ மட்டும் அறியலையா?" தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு, "ஒரு வாரம் அந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பிடாதி உள்ளே போனாள். பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்த இசக்கிமுத்து வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தாள். கல்யாணச் சீராக வந்து, எப்போதும் பெட்டிக்குப் பின்னால் சும்மா இருப்பவைதான் அந்தக் குடங்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"நேரா போனா படகுத்துறை. எறணாகுளத்துல எறங்கினா பஸ்ஸு..." என்று அவன் வழி சொன்னான்.

"நான் குழாயைக் கேட்டேன்."

அவன் காட்டிய பக்கம் பாதித் தெரு நடந்தாள். பிறகு நின்றாள். கண் நிறைந்திருந்தது. "பொய் சொன்னீக, சரி. வாசல்ல தெளிச்சேன், தலைக்கு ஊத்துனேன், பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீகளே. தண்ணியோட கனம் எனக்குத் தெரியாதா? என் கையாலேயே கொட்ட வச்சிட்டீகளே."

திட்டுவாள் என்று அவன் தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இல்லை. நடுத்தெருவில் அழுதுவிட்டான்.

குழாயடியில் கமலாக்ஷி நகர்ந்து இடம் விட்டாள். "வாடி, இது இசக்கியோட எடமாக்கும்." முப்பிடாதி நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றி ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தாள். பின்னால் தலையில் குடத்தோடு வந்தவனுக்குக் கழுத்துவரை நனைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள், சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் ஊருக்குப் போகவில்லை. எண்பதுகளில் அவர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கொச்சிக்கு வேலை தேடி வந்தார்கள். வந்தவர்கள் சோற்றுக்கு உட்கார்ந்ததும், இந்த ஊர் எப்படி, தண்ணீர் வசதி எப்படி என்று கேட்பார்கள். இசக்கிமுத்து வாயைத் திறப்பான். அதற்குள் முப்பிடாதி பதில் சொல்லிவிடுவாள்.

"ஆறு மாசம் மழை கொண்டாரும். மீதி ஆறு மாசம் இவுக கொண்டாருவாக. முக்காக் குடந்தான் வந்து சேரும்."