நுளம்புக்கு வந்தவர்கள்

நுளம்பு என்றால் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், கீழ்த்தட்டு வீடொன்றில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். நல்ல கடற்காற்று வரும் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டார். நுளம்பும் வரும் என்று அந்த மனுஷன் மூச்சும் விடவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு யன்னல்களைச் சாத்தினேன் என்றால் சாத்தியதுதான். பிறகு திறக்கிறவர்கள் என் வாயிலிருந்து தப்ப ஏலாது. மூலைக்கு மூலை நுளம்புத்திரி கொளுத்தி வைப்பேன். கையில் மின்சார மட்டை. அதில் ஒன்று பொரிகிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். நுளம்பின் இரைச்சலைத் தாங்கலாம், உன் இரைச்சலைத்தான் தாங்க முடியவில்லை என்பார் கணவர்.

அது யுத்த காலம். என் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான். மாப்பிள்ளை கனடாவில். விசா வரும்வரை கொழும்பில் இருக்கவேண்டும். அப்படிக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களைப் பொலிசில் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் வீட்டுக்காரரோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். பதிவில்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் தங்கச்சி தெருவாசல் பக்கமே போகமாட்டாள். பகல் முழுக்கப் பின்முற்றத்துப் படியில் இருந்து தலையணை உறைகளுக்குப் பூப்போட்டுத் தைப்பாள். அந்தப் பக்கக் கேட்டுக்கு ஆமைப்பூட்டுப் போட்டிருந்தோம். தைத்தபடியே கையையும் காலையும் சொறிவாள். பொழுதுபட முன்னம் நான் அவளை உள்ளே கூப்பிட்டு யன்னல்களைச் சாத்துவேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்று ரேடியோவில் தொண்டை கிழியச் சொன்னார்கள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். கணவர் வேலைக்குப் போய்விட்டார். யாரோ கதவைத் தட்டினார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். காக்கி உடுப்பும் தொப்பியுமாக ஒருவர், பின்னால் கோப்புகளோடு இன்னும் இரண்டு பேர். தங்கச்சியைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றேன். வீட்டில் ஆள் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்கள். பக்கத்தால் போய் ஆமைப்பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு கதவுக்குக் கீழால் ஒரு துண்டுக் கடதாசியைத் தள்ளிவிட்டுப் போனார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து நுளம்பு பெருகும் இடங்களைப் பார்க்க வந்தோம், ஆள் இல்லாதபடியால் திரும்ப வருவோம் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது.

தங்கச்சி அதை வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். “நுளம்பு பாக்க வந்தவைக்கோ அக்கா நான் வாளிக்குப் பின்னால ஒளிச்சனான்?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நானும் கண்ணீர் வரச் சிரித்தேன். நான் சுவரோடு ஒட்டி நின்ற கோலத்தைப் பின்னேரம் கணவருக்கு நடித்தும் காட்டினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் தெரியாமல் விட்ட பிழை என்று என்னையே சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் அவர்கள் அடுத்த கிழமை திரும்ப வந்தார்கள். அதே ஆட்கள். யார், எதற்கு வந்தார்கள் என்று இந்த முறை எனக்கு நன்றாகத் தெரியும். “திறப்பம் அக்கா, நுளம்புக்காரர்தானே,” என்று தங்கச்சி குசுகுசுத்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே விட்டால் வீட்டில் இருக்கிறவர்களின் பெயர் எழுதுவார்கள், எழுதிய தாள் எங்கே போகுமோ யார் கண்டது.

“விசா வரட்டும். பிறகு எத்தினை பேர் வேணுமெண்டாலும் வந்து பாக்கட்டும்,” என்றேன்.

அவள் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தாள். நான் மூத்தவள், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஆகவில்லை, அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பனடோலும் மல்லித்தண்ணியும் கொடுத்தேன். இரத்தம் சோதிக்கவேண்டும் என்று கணவர் சொன்னார். வழியில் சோதனைச் சாவடி இருக்கிறதே, ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்று நான்தான் மறித்தேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடக் கவனமாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று மத்தியானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். கை கால் எல்லாம் சில்லிட்டிருந்தன.

ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாவடியில் ஒரு சிப்பாய் குனிந்து பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, கெதியாகப் போங்கள் என்று கையைக் காட்டினான். ஆசுபத்திரியில் இரண்டு நாள் டொக்டர்மார் படாத பாடு பட்டார்கள். மூன்றாம் நாள் காலை என் தங்கச்சி செத்துப்போனாள். இருபத்தாறு வயது.

காடாற்றி இரண்டு நாளில் அந்தக் காக்கிக்காரர் மறுபடி வந்தார். டெங்கில் இறந்தவர்களின் வீட்டுக்குக் கட்டாயம் வரவேண்டுமாம். நான் முன்கதவையும் திறந்தேன், பின்கேட்டின் ஆமைப்பூட்டையும் திறந்தேன். குசினிக்கு வெளியே ஏணி வைத்து ஏறினார். பக்கத்து வீட்டு மாவிலை விழுந்து, மழைத்தண்ணி வடியும் கூரைப் பீலி அடைத்துக் கிடந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். அதற்குள் புழுக்கள் நெளிந்தன. அவள் தைத்துக்கொண்டிருந்த படிக்கு நேர் மேலேதான் அந்தப் பீலி.

இலைகளை அள்ளிப் போட்டு, தண்ணீரை வடியவிட்டு, மருந்து தெளித்துவிட்டு இறங்கினார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. இரண்டு தரம் வந்தோமே, ஏன் திறக்கவில்லை என்று அவர் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. கோப்பைத் திறந்து, பேனையை எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

“வீட்டில எத்தனை பேர் இருக்கிறது?”

தங்கச்சி வந்த நாள் தொடக்கம் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். யார் வந்து கேட்டாலும் இரண்டு பேர் என்று சொல்வதாக இருந்தேன், நானும் கணவரும். அப்போது அது பொய். இப்போது அதுதான் உண்மை, ஆனால் வாயில் வர மறுத்தது.

“மூண்டு பேர்,” என்றேன்.

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், திருத்தவில்லை. காக்கிக்காரர் மூன்று என்று எழுதினார்.