கும்பிடு போடாத துப்பாக்கி

ருக்மணி அண்ணி போய்விட்ட செய்தி, நான் வாழ்க்கைப்பட்டு வந்த கோவிலம்பாக்கத்தில், எதிர்வீட்டு டெலிபோனில் வந்தது. "வசந்தா, உங்க அண்ணன் லைன்ல கீறாரு, சீக்கிரம் வா" என்று அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று கூப்பிட்டபோது நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு போய் ரிசீவரை எடுத்தேன். "உங்க அண்ணி பூட்டாம்மா" என்றார் அண்ணன். காலையில் காபி குடித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "ஒரு சத்தம் கூட போடல, வசந்தா. ஒரு சத்தம் கூட போடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போடமாட்டார், எனக்குத் தெரியும். சத்தத்தோடு அண்ணிக்கு இருந்த வழக்கெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அண்ணிதான் ஜெயித்தார்.

அந்த வழக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ரைபிள் கிளப்பில் அண்ணிக்காகக் கூட்டம் போடுகிறார்கள், படிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிண்டலும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அண்ணியைக் கிண்டல் செய்ய நாத்தனாருக்கு இல்லாத உரிமையா?

உங்களில் பலர் அண்ணியைத் துப்பாக்கியும் கையுமாகத்தான் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்த அண்ணி வேறு. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தீபாவளிக்கு, தெருவில் முதல் வெடி வெடித்ததும் ஆளைக் காணோம். புதுப் பெண்ணைத் தேடி வீடு முழுக்க அலைந்தோம். நெல் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை முழுக்க உமி. "இன்னா அண்ணி, நெல்லு அளக்கிறியா?" என்றேன். அண்ணி பிறந்தது கோவளத்துப் பக்கம். அங்கே அலைச் சத்தம் நின்றால்தான் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரி, கதவு டமால் என்று சாத்தினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். நானும் சும்மா இருக்கவில்லை. பின்னால் போய்த் தட்டைத் தட்டுவேன், காகிதப் பையை ஊதி உடைப்பேன். அண்ணி துள்ளுவார், வீடே சிரிக்கும். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு வராது.

என் பிறந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் திருநீர்மலைக் கோயில், மறுபக்கம் பழைய கல்குவாரி. எண்பதுகளின் நடுவில் அந்தக் குவாரிப் பள்ளத்தைத்தான் கிளப்பார் துப்பாக்கி சுடும் இடமாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் 'டப்' என்று கேட்கும். பாறையில் பட்டு இன்னொரு 'டப்' திரும்பி வரும். அண்ணிக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு துள்ளல். ஒரு ஞாயிறு, இறக்கி வைக்கப்போன ரசம் அப்படியே காலில் கொட்டிவிட்டது. மறு ஞாயிறு, காலில் கட்டோடு, என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவர் காதர் சார், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி மூச்சு விடாமல் திட்டி முடிக்கும் வரை கேட்டார். பிறகு, "உங்க வூட்டுக்கு சத்தம் வராம பண்ண என்னால முடியாதும்மா. நீங்க வேணா சத்தம் இருக்கிற எடத்துக்கு வந்து பாருங்க. வூட்ல அது எப்ப வரும்னு தெரியாது. இங்க நீங்க விசையத் தட்டினாதான் வரும்" என்றார். நான் பக்கென்று சிரித்துவிட்டேன். "எங்க அண்ணி துப்பாக்கி சுடுமா? பொட்டு வெடியே சுடாது சார்!" அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த வாரம் எத்தினி மணிக்கு சார் வரணும்?" என்று கேட்டார்.

முதல் நாள் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் போட்டு, காதில் ஒரு தலையணைப் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் துண்டையும் கட்டிக்கொண்டு வந்தார். காதர் சார் விசில் ஊதி 'நிறுத்து' என்று கத்துகிறார், எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணி மட்டும் சாக்கில் குப்புறப் படுத்தபடி இலக்கைக் குறி பார்த்துக்கொண்டே இருக்கிறார். காதர் சார் குனிந்து, துப்பாக்கி மேல் கையை வைத்துக்கொண்டு துண்டை அவிழ்த்தார். "காதை அடைங்க, வேணாங்கல. ஆனா என் விசில் கேக்கணும். இங்க சத்தத்துக்குப் பயப்படலாம், தப்பில்ல. விசிலை மதிக்காம இருந்தா வூட்டுக்கு அனுப்பிடுவேன்." அன்றிலிருந்து மெழுகில் நனைத்த பஞ்சு, அளவாக.

மற்ற ஒழுங்கெல்லாம் அண்ணிக்கு ஒரே மாதத்தில் வந்துவிட்டது. குழல் எப்போதும் இலக்கைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சிவப்புக் கொடி இறங்காமல் சுடும் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. அடுத்தவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொடக் கூடாது. சுடுகிறவர் துப்பாக்கியைக் கீழே வைக்கும் வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. இவை வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. அண்ணி கரண்டியைக்கூடத் தரையைப் பார்த்துத்தான் எடுத்துப் போவார். நான் விளக்குமாற்றை நீட்டிப் பேசினால், "ஆளைப் பாத்து நீட்டாதடி, கீழ வை" என்பார்.

ஒழுங்கு வந்தது, குண்டு மட்டும் இலக்குக்கு வரவில்லை. காரணம், விசையைத் தட்டும் அந்த நொடியில் அண்ணி கண்ணை மூடிவிடுவார். வரப்போகிற சத்தத்துக்கு முன்கூட்டியே உடம்பு துள்ளிவிடும். கிளப்பில் மரக்கடை முதலாளி ஒருவர் இருந்தார். அவர் பேசினாலே குவாரி எதிரொலிக்கும். "கண்ணை மூடிகினு சுடறவங்கள லைன்ல படுக்க வச்சா ஆபத்து சார். பொம்பளைங்களுக்கு எதுக்கு இது? அக்கம்பக்கத்து கிளப்புங்கல்லாம் வர்ற போட்டியில நம்ம மானம் போவும்" என்றார். காதர் சார், "அந்தப் போட்டியில அம்மா நம்ம டீம்ல சுடுவாங்க. அன்னிக்கு அவங்க பயந்தாங்கன்னா, அதுக்கப்புறம் லைனுக்கு வரவேணாம்னு நானே சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணி, "இதுவும் போச்சுன்னா நான் மறுபடியும் நெல்லு மூட்டைக்கு நடுவுலதான் வசந்தா" என்றார். நான் கிண்டல் செய்யாத நாட்கள் குறைவு. அது ஒன்று.

அப்போதுதான் காதர் சார் என்னைக் கூப்பிட்டார். "நீ நல்லா ஏமாத்துவியாமே?" என்று கேட்டார். என்னை இப்படி யாரும் பாராட்டியதில்லை. வேலை இதுதான். குழல் இலக்கைப் பார்த்தபடி இருக்க, தோட்டா போடுவது அண்ணி இல்லை, நான். சில தடவை நல்ல தோட்டா போடுவேன், சில தடவை சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா. எது உள்ளே இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியாது. நல்ல தோட்டா வெடித்தால் குழல் எப்படியும் குதிக்கும், அதில் துப்பாக்கி குதித்ததா ஆள் குதித்தாரா என்று கண்டுபிடிக்க முடியாது. வெற்றுத் தோட்டாவில் 'டிக்' என்று மட்டும் கேட்கும். வெடிக்காத துப்பாக்கி தானாக ஆடாதே! ஆனால் அண்ணி கையில் இருந்த குழல் பெருமாளைச் சேவிப்பது போலத் தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போடும். கோட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன்.

அண்ணி துப்பாக்கியைக் கீழே வைத்ததும் ஆரம்பிப்பேன். "இன்னிக்கி எத்தினி கும்பிடு அண்ணி? திருநீர்மலைக்கே போயிருக்கலாமே, புண்ணியமாவது கெடைச்சிருக்கும்."

"போடீ. நீ போட்றது எதுன்னு மூஞ்சியைப் பாத்து கண்டுபுடிக்கலாம்னு பாத்தா, ரெண்டுக்கும் ஒரே திருட்டு மூஞ்சியா வச்சிகினு கீற."

மழை வந்து போனது, பொங்கலும் போனது. கும்பிடு குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் வழியில் அண்ணி தானாகவே சொன்னார்: "சத்தம் போட்றது துப்பாக்கி. நான் இன்னாத்துக்குடி அதுக்கு பதில் சொல்லணும்? அது பாட்டுக்கு கத்தட்டும்." அதற்குப் பிறகு கும்பிடு எப்போதாவது ஒன்றுதான் வந்தது. ஆனால் போட்டிக்கு முந்தின ஞாயிறுகூட ஒன்று வந்தது. அதைப் பார்த்தது நாங்கள் மூன்று பேர்தான்.

போட்டி நாள். ஷாமியானா, மைக் செட், வெளியூர்க் கிளப்புக்காரர்கள். தோட்டா போட நான் பக்கத்தில் போகக் கூடாது, கயிற்றுக்கு வெளியே நின்றேன். அண்ணி நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். மரக்கடை முதலாளி சரியாக அண்ணிக்குப் பின்னால் வந்து நின்று, யாரிடமோ, "பாரு, இப்ப கண்ணை மூடும் பாரு" என்றார். அவர் மெதுவாகச் சொன்னால்கூடப் பல்லாவரத்துக்குக் கேட்கும்.

அண்ணி உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுத்தார். துப்பாக்கியைத் திறந்த நிலையில் கீழே வைத்தார். எழுந்து, அண்ணன் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்து நின்றார். "சார், நீங்க பேசி முடிச்சிடுங்க. நான் அப்பறமா சுட்டுக்கிறேன்." குரலில் கோபமே இல்லை, பந்தியில் இடம் கொடுக்கிற மாதிரி மரியாதை. கொட்டகையில் சிரிப்பு ஓடியது. காதர் சார் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி கயிற்றுக்கு வெளியே, என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு நேரம் சரியில்லை.

அண்ணி மறுபடி படுத்தார், தோட்டா போட்டார், குறி பார்த்தார். இப்போது கொட்டகையே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விசையைத் தட்டினார்.

'டிக்.'

வெடிக்கவில்லை. நான் போடாத வெற்றுத் தோட்டா! நல்ல தோட்டாதான், எப்போதாவது ஒன்று இப்படிச் சதி செய்யும். வெடித்திருந்தால், அண்ணி துள்ளினாரா என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வெடிக்காததால் எல்லோருக்கும் தெரியப்போகிறது. குழலைப் பார்த்தேன்.

அசையவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. அண்ணியின் கண் திறந்தே இருந்தது, இமைகூடக் கொட்டவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத் திறந்து பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சில நேரம் தோட்டா தாமதமாக வெடிக்கும் என்பதால் குழலை இலக்கைவிட்டு எடுக்கக் கூடாது என்பது ஒழுங்கு. தோட்டா வெடிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக இடது கையை மட்டும் தூக்கிக்கொண்டு அப்படியே கிடந்தார். காதர் சார் வந்து, காத்திருந்து, அந்தத் தோட்டாவை எடுத்துப் போட்டார். அண்ணி வேறு தோட்டா போட்டுச் சுட்டார். நடு வட்டம்.

எல்லோருக்கும் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது கைதட்டக் கூடாது. கடைசி ஆள் சுட்டு முடிக்கும் வரை அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். விசில் ஊதியதும் எழுந்ததே ஒரு கைதட்டல், பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்கும் அண்ணி துள்ளவில்லை. நான் முதலாளி பக்கம் திரும்பினேன். "சார், கண்ணை மூடுச்சா? எனக்கு சரியா தெரியல, நீங்க கிட்ட இருந்து பாத்தீங்களே!" அவரும் நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் அண்ணியிடம் போய்க் கை குவித்தார். "தப்பா பேசிட்டேம்மா." அண்ணி, "பரவால்ல சார், அடுத்த வாட்டி முன்னாடி நின்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். துப்பாக்கிக்கு முன்னால் யார் போய் நிற்பது!

டீமுக்கு முதல் பரிசு. பெண்களிலும் அண்ணிதான் முதல். பெண்கள் மொத்தமே இரண்டு பேர் என்பதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். பரிசு ஒரு பெரிய எவர்சில்வர் குடம். அண்ணன் அதை மொபெட்டின் பின்னால் கட்டினார். அண்ணி அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயடி வழியாக, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தார். அந்த வருஷத் தீபாவளிக்கு முதல் வெடியை ஏற்றியதும் அவர்தான். நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பிற்பாடு எங்கள் பக்கம் நிலமெல்லாம் மனையாக ஆரம்பித்தபோது, ஒரு தரகர் வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தினார், கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, படியில் நின்று அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைக் கொட்டாமல். தரகருக்குத் தொண்டை கட்டியதும், "முடிஞ்சிதா? போய்ட்டு வாங்க" என்றார். நிலம் இன்றைக்கும் இருக்கிறது.

போன வாரம் அண்ணியை எடுத்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மேளம், பூ, சரவெடி. பாடை தெருவில் இறங்கியதும் வெடியைக் கொளுத்தினார்கள். அண்ணன் துள்ளினார், கிளப்புக்காரர்கள் துள்ளினார்கள், நானும் துள்ளினேன். அண்ணியைப் பார்த்தேன். கூட்டம் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நின்றது, அவர் ஒருவர்தான் அசையவில்லை. கிண்டல் ஒன்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கும் வரை பேசக் கூடாது என்பது அண்ணி எனக்குப் போட்ட ஒழுங்கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பெண்கள் நிற்கிற தெருமுனை வரை நடந்தேன்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "பாத்தியாண்ணா? அவ்ளோ வெடி வெடிச்சுதே, அண்ணி ஒரு கும்பிடாவது போட்டுதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டார். அண்ணி போனதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்புச் சத்தம் அதுதான். அண்ணியிடமிருந்து எனக்கு வந்த சொத்து இதுதான்: வாய் அடங்கவில்லை, ஆனால் எப்போது திறப்பது என்று அதற்குத் தெரியும்.