மெஷினுக்கு ஒரு மூடி

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஈரக் களிமண் வாசனை வந்தது. அம்மாவின் சேலையில் எப்போதும் இருந்த வாசனை.

பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கும் மெஷினில் அம்மாவின் இரண்டு விரல்கள் போனபோது நான் ஐந்தாவது படித்தேன். முதலாளி ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார்.

“வூட்ல அருவாமணை மேல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடும்மா.”

“மெஷினுலதாங்க போச்சு. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். மொதல்ல அதுக்கு மூடி போடுங்க” என்றாள் அம்மா.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் அம்மா கட்டுப்போட்ட கையோடு கம்பெனி வாசலில் நின்றாள். வேலைக்கு வந்த பெண்களும் உள்ளே போகாமல் அவளோடு நின்றுவிட்டார்கள். மூடி போட்ட பிறகுதான் எல்லோரும் உள்ளே போனார்கள், அம்மாவும்தான்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்த அம்மா, என் பையை வாங்க அந்தக் கையை நீட்டினாள். நான் தயங்கினேன்.

“இன்னும் மூணு வெரலு இருக்குது, குடு” என்றாள்.