பனிப்பக்கத்துக் குடிசைகள்

"நீங்க ஆன்லைன்ல ஆடுற அந்த கேம்ல பனிப்பக்கம் யாருமே வரமாட்டாங்களே மாமா, அங்க போய் எதுக்குக் குடிசை கட்டுறீங்க?"

"வந்தா விறைச்சுச் செத்துடுறாங்கம்மா. வழி நெடுக அடுப்பு வெச்சா வருவாங்க."

"பகல் முழுக்க ஐஸ் கிடங்குல நிக்கிறது பத்தலையா?"

"அங்க அடுப்பு வெச்சா வேலை போயிடும்," என்று சிரித்தார்.

அத்தை இறந்தபின் மாமா தனியாகவே இருந்தார். கேமில் ஒவ்வொரு குடிசை வாசலிலும் 'குளிர் காயலாம்' என்று பலகை மாட்டினார். அபூர்வமாக வந்தவர்களும் விறகைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மறுபடி வெட்டி அடுக்கினார்.

ஒருநாள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"நீ வந்து கொஞ்ச நேரம் அடுப்புகிட்ட உக்காரும்மா. ஆட்டம் தெரியாட்டியும் பரவால்ல. உள்ள ஆள் இருக்குறது தெரிஞ்சாத்தான் மத்தவங்களும் வருவாங்க."