செத்த பிறகு சிரிக்காத நாள்

பத்து வருஷமாகப் படத்தில் வில்லனாகச் சாகிறதுதான் என் பிழைப்பு. நான் செத்தால்தான் ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அதற்கொன்றும் பயந்ததில்லை. சாகிற காட்சி முடிந்ததும், வேஷம் கலைக்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் பிலிமில் பிடித்துவிடுவார்கள். சிரித்துவிட்டால் தோஷம் போச்சு. எங்கள் தொழிலில் யாரும் விடாத வழக்கம் இது.

கொடைக்கானலில் அன்று மத்தியானம் ஒரு பாறைமேல் செத்துக் கிடந்தேன். எழுந்து சிரிக்கப் போனால் பனிமூட்டம் இறங்கிவிட்டது. "சிரிங்கண்ணே, கேமரா ஓடுது" என்றான் உதவியாளன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? உள்ளே பிலிமே இல்லை.

டைரக்டரிடம் ஓடினேன். "இருந்ததெல்லாம் தீந்துபோச்சுய்யா. மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டு வண்டியில ஏறு" என்றார். அடப்பாவி! ஊரில் என் மனைவி ஏழு மாசம். தோஷம் கழியாமல் மலை இறங்கியாக வேண்டும்.

டிரைவர் உள்ளூர்க்காரர். "வெரசா ஏறுங்கண்ணே, பெருமாள்மலை வரைக்கும் ரோடே தெரியல" என்று அவர் பங்குக்குப் பயமுறுத்தினார்.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன். அங்கே டூரிஸ்டுகளைப் படம் எடுக்கிறவர் ஒருவர் நிற்பார். "ஒரு படம் எடுங்கய்யா, நான் சிரிக்கணும்" என்றேன். சட்டையெல்லாம் சாய ரத்தம். மனுஷன் ரெண்டடி பின்னால் போய், "ஸ்மைல் பண்ணுங்க சார்" என்றார். பங்களா அதிரச் சிரித்துப் பேர் வாங்கியவன் நான். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. அவர் பட்டனை அமுக்கிவிட்டார். விலாசம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

ஒவ்வொரு வளைவிலும் 'முருகா, முருகா' என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். "அத்தனை பேரைக் கொன்ன ஆளா நீங்க?" என்று டிரைவர் சிரித்தார். பிடியை விட முடிந்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன்.

வீடு வந்தும் பயம் விடவில்லை. மாடிப்படி இறங்கக்கூடச் சுவரைப் பிடித்தேன். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தபாலில் போட்டோ வந்தது. அவள்தான் பிரித்தாள். "யாரோ வெரட்டுற மாதிரி நிக்கிறீங்களே, என்ன நடந்துச்சு?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

அவள் திட்டவில்லை. எனக்கு எதிரே மெல்ல உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"ம், இப்பச் சிரிங்க. நாங்க ரெண்டு பேரும் பாக்குறோம்."