தெருமுனையில் நான் போட்டது

என் காலை அருவருப்பில் தொடங்கும். காப்பி அதற்குப் பிறகுதான்.

இந்தக் கன்னட ஊரின் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு, தெரு முடிவதற்கு இரண்டு வீடு முன்னால் இருக்கிறது. தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதன் பின்னால் யாருடையதோ காலி மனையின் சுற்றுச்சுவர். குப்பை வண்டி வருகிற நேரத்தில் தூங்கிவிட்ட வீடுகளெல்லாம் அந்தச் சுவரடியில்தான் தங்கள் குப்பையைக் கொண்டுவந்து வைக்கும். நேற்றைய பிசிபேளேபாத், கோழி இறகு, குழந்தையின் டயப்பர். ஒரு நாய் அந்த டயப்பரைக் கவ்விவந்து என் கேட்டுக்கு எதிரே வைத்து நிதானமாகப் பிரிக்கும், எனக்கு வந்த தபாலைப் பிரித்துக் காட்டுவதுபோல.

இதை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபடி, எதிர் நாற்காலியில் இருக்கும் மனைவிக்கு வர்ணிப்பது இருபத்தாறு வருடமாக என் வழக்கம். நாறுகிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. நாலு புத்தகம் படித்தவன், உவமையோடுதான் சொல்வேன். குப்பை முடிந்ததும் பக்கத்து வீட்டு மேஷ்ட்ரு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்; விடியற்காலையில் ஆர்மோனியம் துருத்தி கிழிகிற மாதிரி காறித் துப்புவார். அவர் முடிந்ததும் என் அலுவலகம், பிறகு அன்றைய செய்தித்தாள். டம்ளர் காலியாவதற்குள் ஊரில் ஒரு ஆளையும் மிச்சம் வைத்திருக்க மாட்டேன். 'சீ' என்று தொடங்கி 'சீ' என்று முடிப்பேன்.

அந்தக் குப்பைக்கு வழி கண்டுபிடித்தவனும் நான்தான். சென்ற ஆண்டு சாமி படம் போட்ட டைல்ஸ் மூன்று வாங்கிவந்து, சிமெண்டு குழைத்து, அந்தச் சுவரில் நானே பதித்தேன். பிள்ளையார், சரஸ்வதி, சாமுண்டி. சாமி முகத்துக்கு நேரே எவன் டயப்பர் போடுவான்? போடவில்லை. ஒரு வாரம் சுவரடி துடைத்துவைத்ததுபோல் இருந்தது. நான் தெருவில் சற்றே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

இரண்டாவது வாரம் கண்ணாடி உடைந்த ஒரு லட்சுமி படம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டது. மறுநாள் கரையான் அரித்த ஒரு ராமர் பட்டாபிஷேகம். பிறகு தும்பிக்கை போன பிள்ளையார், போன வருடத்துக் காலண்டர் முருகன், எண்ணெய்ப் பிசுக்கேறிய அகல்கள், காய்ந்த மாலைகள். பழைய சாமி படத்தைக் குப்பை வண்டியில் போட யாருக்கும் கை வராது. அரசமரத்தடி தேடி அலைந்துகொண்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் நான் வீட்டு வாசலிலேயே இடம் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் தெருவில் உள்ள ஸ்கூட்டர்கள் அத்தனைக்கும் சுற்றிப்போட்ட பூசணிக்காய்களும் அங்கேயே வந்து உடைந்தன. நாலாம் நாள் குங்குமம் அப்பிய அந்தச் சதையில் புழு நெளிந்தது. ஈக்கள் குங்குமக் காலோடு பறந்துவந்து என் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்தன.

தெரு கூட்டுகிற அம்மாளிடம் எடுக்கச் சொன்னேன். மார்டள்ளிப் பக்கத்துக்காரர், தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பேடா சார், வேணாம். கசம்னா, குப்பைன்னா எடுப்பேன். இது சாமி. தொடப்பத்தால சாமியத் தள்ளச் சொல்றீங்களா?"

முன்பு குப்பையாக இருந்தபோது தினமும் அள்ளிக்கொண்டாவது போனார்கள். நான் அதைத் தெய்வீகமாக்கிவிட்டதால் இப்போது நிரந்தரமாகிவிட்டது.

அந்த வாரம் என் பேச்சு உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் காலை, புழுவைப் பற்றி நான் மூன்றாவது உவமையைத் தொடங்கியபோது மனைவி டம்ளரோடு எழுந்தாள். கொள்ளேகால்காரி, குரலை உயர்த்துகிற வழக்கமே கிடையாது.

"ஏனுங்க, இந்தக் காப்பிக்கு எதுக்கு வீணாச் சக்கரை போடறேன்? நீங்க பேசறதக் கேட்டா எல்லாம் கசந்துதான் போவுது. நாளைல இருந்து நான் பின்னால போயிக் குடிச்சுக்கறேன்."

ஒரு நாள் கோபம் என்று நினைத்தேன். பதினோரு நாள் ஆயிற்று. அவள் பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து குடித்தாள். நான் முன்னால் காலி நாற்காலிக்கு வர்ணித்துப் பார்த்தேன். அதற்கு உவமை புரியவில்லை. இந்த ஊரில் பகல் முழுக்கக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பிழைக்கிறவன் நான். முழு வாக்கியமாகத் தமிழில் பேசுவது அந்த ஒரு டம்ளர் நேரத்தில்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பன்னிரண்டாம் நாள்தான் உறைத்தது. அவளை எப்படியாவது அந்த நாற்காலிக்குத் திரும்ப வரவைக்க வேண்டும்.

ஆகவே என் ஸ்கூட்டரில் யாரோ செருகிவிட்டுப் போயிருந்த துண்டுக்காகிதத்தை, முதல்முறையாகக் கசக்காமல் படித்தேன். எதிர்மறை எண்ணங்களைக் கைவிட ஏழு நாள் முகாம், மாலை ஐந்து மணிக்கு, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், கட்டணம் இல்லை. போனேன். நடத்தியவர் வெள்ளை ஜிப்பாவில் ஓயாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார், பல்வலியை மறைக்கிறவரைப் போல. கண்ணை மூடச் சொன்னார். நான் பாதிக் கண் திறந்து பார்த்ததில் மேடை விளிம்பில் அவருடைய கால் கட்டைவிரல் நகம் தெரிந்தது. மஞ்சள் பூத்து, வெடித்து, பழைய ஆட்டுக்கொம்புபோல் இருந்தது. ஐந்து நாள் அந்த நகத்தைத்தான் தியானித்தேன்.

ஆறாம் நாள் தாள் கொடுத்தார்கள். "உங்களுக்குள் இருக்கிற அழுக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிக் கிழித்து, வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்" என்றார்.

மற்றவர்கள் அரைப் பக்கத்தில் சுத்தமாகிவிட்டார்கள். நான் இரண்டு முறை எழுந்துபோய்த் தாள் வாங்கினேன். மேஷ்ட்ருவின் சளி, மேலதிகாரியின் அக்குள், அந்த நகம், தெரு கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தால் தரையை நலம் விசாரிக்கிற அழகு. ஆறாம் பக்கத்தில் மனைவி வந்தாள்: அவள் காப்பி உறிஞ்சுகிற சத்தம், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய் திடீரென்று திறந்துகொள்வதுபோல் இருக்கிறது என்று எழுதினேன். மொத்தம் எட்டுப் பக்கம். பல வருடங்களுக்குப் பிறகு கை அப்படி ஓடியது.

கிழிக்க மனம் வரவில்லை. என் எழுத்தை நானே கிழித்து எனக்குப் பழக்கமில்லை. அந்த வேலைக்குப் பத்திரிகை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். தெரு திரும்பும்போதுதான் யோசனை வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் சட்டையைத் துவைக்கப் போடும்போது கையில் சிக்கும். காகிதக் குப்பை வாங்கும் வண்டி புதன்கிழமைதான் வரும், அன்று வெள்ளி. வீட்டுக்கு வெளியே என்றுதானே சொன்னார்?

தெருமுனையில் நின்றேன். குப்பை போடுகிறவன் முகம் எப்படியிருக்கும் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். ஒரு மாதிரியும் இருக்காது. வானத்தைப் பார்த்துக்கொண்டு, மழை வருமா என்கிற பாவனையில் இருக்கும். வானத்தைப் பார்த்தபடி கையை மட்டும் தாழ்த்தி, என் பிள்ளையாரின் காலடியில் மடிப்பை நழுவவிட்டேன். பயமில்லை. மேஷ்ட்ருவுக்குத் தமிழ் தெரியாது. எதிர்வீட்டு ஐயங்கார் குடும்பம் வீட்டுக்குள் ஒரு பழைய தமிழ் பேசும். எழுதப் படிக்கக் கன்னடம்தான். தெருவில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் எழுதுவதன் லாபத்தை அன்றுதான் அனுபவித்தேன். உண்மையிலேயே மனம் லேசாக இருந்தது.

மறுநாள் காலை கேட்டருகில் தெரு கூட்டுகிற அம்மாளின் குரல்.

"அக்கா, சார் இருக்காரா?"

"இருக்காருங்க. ஏன், மறுபடியும் அந்தப் படங்களுக்குச் சண்டையா?" இது மனைவி.

"இல்லக்கா. சார் நேத்து சாமி கால்ல ஏதோ எழுதி வெச்சிருக்காரு. வேண்டுதல் சீட்டு மாதிரி இருக்குது. காத்துல பறந்து கசத்தோட போயிரும்னு எடுத்துட்டு வந்தேன்."

"அது என்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று உள்ளேயிருந்து கேட்டேன். அகப்பட்டுக்கொண்டவன் மட்டுமே கேட்கிற கேள்வி.

"நா கன்னட ஸ்கூல்ல ஓதுனவ சார். இது தமிழ் எழுத்துன்னு மட்டும் தெரியும். இந்தத் தெருவுல தமிழ்ல எழுதறது உங்கள விட்டா வேற யாரு?" பக்கங்களைக் கையால் எடைபோட்டுப் பார்த்தார். "எட்டு காய்தம். சாமிகிட்ட நெறையத்தான் கேட்டிருக்கீங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். தாள்கள் மனைவி கையில்.

அவளும் கன்னடப் பள்ளியில் படித்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு, நான் எழுதுவதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழ் எழுத்து கற்றுக்கொண்டாள். இன்றும் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுத்தான் படிப்பாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"மே... ஷ்ட்ரு... வின்... ச... ளி. சளியா?"

"ஆமாம்."

"கு... மட்... டல். குமட்டல்னா வாந்தி வர்ற மாதிரிதானுங்களே?"

"ஆமாம்."

நான் வேகமாக எழுதியதை அவள் மெதுவாகப் படித்தாள். என் உவமைகள் எல்லாம் ஓட்டத்தில்தான் அழகாக இருந்தன போலிருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்தபோது, நாய் கேட்டருகில் பிரித்துக் காட்டுகிற பொருளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலியில் நெளிந்தேன். ஆறாம் பக்கம் வந்தது.

"அ... டைத்... துக்... கொண்ட..."

"அது வேண்டாம், விடு" என்றேன்.

"இருங்க. பாதில நிறுத்துனா அர்த்தம் புரியாது."

அதையும் அதே வேகத்தில் படித்து முடித்தாள். விரல் அந்த வரியின் கடைசியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போயிற்று. எட்டாம் பக்கம் முடிந்ததும் தாள்களை நான் மடித்திருந்த அதே மடிப்பில் மடித்து என் முன்னால் வைத்தாள்.

"எல்லாரையும் எழுதிட்டீங்க. சாமி கால்ல காய்தம் போட்டவன மட்டும் விட்டுட்டீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்துபோய்ச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

அன்று பகல், ரப்பர் கையுறையும் கோணிப்பையுமாகத் தெருமுனைக்குப் போனேன். பூசணிக்காயை அள்ளும்போது அது கையுறைக்குள் வழிந்து இறங்கியது. அந்த நாற்றத்துக்கு என்னிடம் உவமை இல்லை. சட்டத்திலிருந்து கண்ணாடியையும் கண்ணாடியிலிருந்து சாமியையும் பிரித்தேன். சாமி படங்களைச் சுருட்டிக் கயிறு கட்டினேன். அடுத்த முறை கொள்ளேகால் போகும்போது ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வரலாம் என்று. மேஷ்ட்ரு தன் வீட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, நான் ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்துக் கைகூப்பினார். டைல்ஸ் மூன்றையும் உளி வைத்துப் பெயர்த்தேன். சரஸ்வதி இரண்டாக உடைந்தாள். உடைந்த சாமியை என்ன செய்வது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றபோது, அந்த லட்சுமி படத்தைக் கொண்டுவந்து சாய்த்தவரை ஒரு வருடமாக நான் திட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. சரஸ்வதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டுச் சுவரோரம் சாய்த்துவைத்தேன்.

மூன்று முறை குளித்தும் கை நாறியது.

மறுநாள் காலை என் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க உக்காரலாமா?"

"வாயத் தொறக்காமக் குடிக்கிறதுன்னா உக்காருங்க."

தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேஷ்ட்ரு காறினார், நிதானமாக, அடியிலிருந்து. நாக்கின் நுனிவரை ஒரு உவமை வந்தது. விழுங்கினேன். காப்பியோடு அது இறங்குவது தெரிந்தது.

மனைவி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். என்னைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினாள், வழக்கத்தைவிட நீளமாக, வழக்கத்தைவிடச் சத்தமாக. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்கிறேனா என்று காத்திருந்தாள்.