இருபது புளியங்கொட்டை

அன்று காலை ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர்கள்: ரத்தம் பார்க்கிற சார். அட்டெண்டரான நான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போடுகிற ஒருவர். அவருடைய மகள், ஏழு வயது, காலில் கட்டு.

நாட்டில் எமர்ஜென்சி முடிந்த புதிது. முள் குத்திச் சீழ் பிடித்த கால். பத்து நாளாகத் தினம் ஊசி. ரத்தத்தில் வெள்ளை அணு கம்மியாகியிருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் ஆடு ரெண்டு குட்டி போட்டிருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

"ஒரே குத்துதான் பாப்பா" என்றேன். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சார் விரலில் குத்தினார். வந்த சொட்டைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சினார். மருந்துத் தண்ணீர் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அணு எண்ண ஒரு மெஷின் உண்டு. ஸ்பிரிங் போய் நாலு மாசம். அதனால் புளியங்கொட்டை. சார் கண்ணை எடுக்காமல் பத்து அணு எண்ணி "போடு" என்பார். நான் டம்ளரில் ஒரு கொட்டை போடுவேன்.

"எத்தன வந்தா வூட்டுக்குப் போலாம் மாமா?" என்றாள்.

"இருபதுக்குக் கம்மியா வரணும்."

சொல்லியிருக்கக் கூடாது.

எண்ணி முடித்ததும் குழாயைக் கழுவப் போனேன். உடனே கழுவாவிட்டால் ரத்தம் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து டம்ளரைக் கவிழ்த்தேன். ஆறு.

"யோவ், இந்தக் காலுக்கு ஆறா?" என்றார் சார்.

அவளைப் பார்த்தேன். ரெண்டு கன்னமும் உப்பியிருந்தது.

"வாயில இன்னா?" என்று அப்பா கையை நீட்டினார். ஒவ்வொன்றாகத் துப்பினாள். ஒன்பது.

"அவ்ளோதானா?"

"ஒண்ணு முழுங்கிட்டேன் நைனா." கொஞ்சம் யோசித்தாள். "நாலஞ்சு இருக்கும்."

நாலு என்றால் பத்தொன்பது, வீடு. அஞ்சு என்றால் இருபது, ஊசி. கண்ணாடியில் இருந்தது அதற்குள் காய்ந்துவிட்டது. குழாயை நான் பளிச்சென்று கழுவி வைத்திருந்தேன். மறுபடி குத்தியாக வேண்டும்.

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சத்தியம் பண்ணீங்களே."

"பதில் சொல்லுய்யா" என்றார் சார்.

"இப்ப இன்னா பண்ணணும், நீயே சொல்லு" என்றேன்.

"மொதல்ல உங்களுக்குக் குத்தணும். அப்புறம் எனக்கு."

"நானா கொட்டய முழுங்கினேன்?"

"கொழாயக் கழுவுனது யாரு?"

"ஞாயந்தான்" என்றார் அவள் அப்பா.

விரலை நீட்டினேன். சார் வேறு ஊசி எடுத்து, கொஞ்சம் அழுத்தியே குத்தினார். வலிக்காது என்று அதுவரை எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். வலிக்கிறது.

அப்புறம் அவள் நீட்டினாள். அழவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அவள் கை ரெண்டையும் அப்பா பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னார் சார். "போடு" என்றார். போட்டேன். பதினாறு வரைக்கும் வேகமாகப் போனது. அப்புறம் சார் மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகித் தேடிக்கொண்டே இருந்தார். "போடு." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "போடு." தலையை நிமிர்த்தினார்.

டம்ளரை அவளே கவிழ்த்தாள். ரெண்டு தரம் எண்ணினாள்.

பதினெட்டு.